இரண்டு பிரேக் வண்டி

என் அக்காவைத் தெருவில் பார்த்தால் ஆட்கள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொள்வார்கள். கதை கட்டவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள் அவள். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் குழந்தைகள் வாயைத் திறந்துவிடும். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "உங்க கை பஞ்சு மாதிரிங்க, குத்துனதே தெரியல" என்று பாராட்டிக்கொண்டே கதவு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயதில் கார் பைத்தியம் பிடித்தது. பிடித்த இடமும் அந்தக் கூடம்தான். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், கையை நீட்டிக்கொண்டே, "ஸ்கூலை மூடறேன்மா. வண்டியை யாராவது நல்லவங்க எடுத்துக்கிட்டா நிம்மதி" என்றிருக்கிறார். அக்கா, "நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஊசி அப்போது அவர் நரம்புக்குள்ளே இருந்தது. மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

வண்டி வந்தது. முப்பத்தொரு வயது மஞ்சள் வண்டி. கூரையில் போர்டு மாட்டிய இரண்டு ஓட்டை. பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பதற்காக வைத்தது. அந்த சீட்டில் உட்காரும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

நான் யாரென்று கேட்டால், தங்கை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அக்கா வீட்டுக்காரர் சொல்வார். மூக்கு நுனி வரைக்கும் போவானேன், நாக்கு நுனியிலேயே இருக்கிறது. வண்டியைப் பார்த்ததும், "இதுல ஏறறதுக்கு நான் நடந்தே போய்ச் சேர்ந்துடுவேன்" என்றேன். மாமா என் கட்சி. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே" என்று சொல்லிவிட்டு, பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேப்பரை விட்டு வெளியே வருவதேயில்லை.

ஃபேன் பெல்ட் வாங்கப் போன கடையில்தான் அக்காவுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்தது. பழைய வண்டிக் கழகம். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட கார்களை வைத்திருக்கும் பதினான்கு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, மூடிக் கிடக்கும் பாட்டில் தொழிற்சாலையின் திடலில் கூடி, வரிசையாக எங்காவது போய், வரிசையாகத் திரும்பி வருவார்கள். இதற்காக முந்தின வாரம் முழுக்கத் துடைப்பார்கள். வேலையற்ற வேலை என்று நான் சொன்னேன்.

அக்கா வேடிக்கை பார்க்கப் போனாள். கிளம்பும்போது அவள் வண்டி கிளம்பவில்லை. ஆறு பேர் ஓடி வந்து தள்ளினார்கள். இஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றதும் ஆறு பேரும் கை தட்டினார்கள்.

அன்று அவள் என் கடைக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்க்கவேண்டும். முடி கலைந்து, கன்னத்தில் கரி, தலைகால் புரியாத சிரிப்பு.

"எல்லாரும் கை தட்னாங்கடி!"

"வண்டிக்குத் தட்டியிருப்பாங்க."

"எனக்குத்தான்டி. என்னைப் பார்த்துத்தான் தட்னாங்க. அடுத்த மாசமும் வாங்கன்னு சொன்னாங்க. என்னைப் பார்த்து யாராவது திரும்ப வாங்கன்னு சொல்லியிருக்காங்களா?"

நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. தன்னைப் பார்த்தால் சந்தோஷப்படுகிற ஒரு கூட்டம் வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவ்வளவுதான். சரி, எக்கேடோ கெடு என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் கழகத்தில் சேருவது லேசில்லை. தலைவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் நோட்டு, முகத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டின் அமைதி. அவர் சட்டம் சொன்னார்.

"மூணு சோதனை ஓட்டம். அதுல ஒண்ணாவது சுத்தமா முடிக்கணும். விசில் ஊதினதும் வண்டி கிளம்பணும். போகும்போதும் வரும்போதும் வரிசை கலையக் கூடாது. வண்டியில ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தர் வழி பார்க்க. மூணும் போச்சுன்னா அப்புறம் மனுப் போட முடியாது."

"எப்பவுமேவா?" என்றாள் அக்கா.

"எப்பவுமே."

முதல் ஓட்டத்துக்கு அக்கா வண்டியைத் தயார் செய்த அழகே அழகு. சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் வெள்ளைக் கோட்டு, கையுறை, ட்ரேயோடு வந்து நின்றாள். ஆயில் குச்சியை உருவி நாலு தடவை துடைத்தாள். சிரிஞ்சில் ஆயில் எடுத்துச் சோதனைக் குழாயில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேதி ஒட்டினாள். கழற்றிய திருகுகள் ஒவ்வொன்றும் தனித் தனிக் குழாயில்: 'இடது முன் சக்கரம், மூன்று', 'வைப்பர், வலது'. போல்ட்டை முறுக்குவதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, "லேசா வலிக்கும், அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தாள். ரேடியேட்டர் குழாயை இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாளே, அப்போதுதான் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, நரம்பு கிடைக்குதா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடி."

என் வேலை அடைப்பான். அவளுடைய கூடத்தில் வாய் திறந்த குழாயை மூடாமல் வைத்தால் பெரிய குற்றம். வண்டியைக் கழுவும்போது தண்ணீர் புகும் வாயையெல்லாம் மூடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கந்தலைச் சுருட்டி வைத்தால் போதாதா? போதாதாம். அளவெடுத்துத் தைக்கவேண்டுமாம். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பஞ்சை இறுக்கி அடைத்து, பேன்ட் துணியால் மூடி, பிசிறில்லாமல் ஐந்து அடைப்பான் தைத்துக் கொடுத்தேன். சைலன்சர் குழாய்க்குக் கறுப்புத் துணி. உள்ளே செருகினால் அடைப்பான் இருப்பதே தெரியாது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் திடலுக்கு வந்ததும், வழியில் ஒட்டிய புழுதி போக அடைப்பான்களைச் செருகி இன்னொரு தடவை கழுவினோம். விசில் ஊதியது. பதினான்கு வண்டியும் உறுமின. எங்களுடையது கர்ர் என்றது, கிளம்பியது, அணைந்தது. கர்ர். அணைந்தது. அக்காவின் காது சிவந்துவிட்டது. ஐந்தாம் முறை சாவியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாளோ இல்லையோ, பின்னால் 'டொப்' என்று ஒரு வெடி. நான் தைத்த கறுப்பு அடைப்பான் பறந்துபோய், ஒரு வாரம் மெழுகு போட்டுத் தேய்த்த தலைவரின் கார்க் கதவில் மோதி, அவர் காலடியில் உருண்டது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாருக்கு" என்றார். நோட்டில் எழுதினார்: ஒன்று, போச்சு.

ஐந்து வைத்தோம், நான்கை எடுத்தோம். யார் எண்ணவில்லை என்று வீடு வரைக்கும் சண்டை போட்டோம். நான்தான் எண்ணவில்லை. அதை அன்று ஒத்துக்கொள்வேனா?

இரண்டாம் ஓட்டத்துக்கு அடைப்பான் எல்லாவற்றிலும் சிவப்பு நாடா தைத்து நீளமாகத் தொங்கவிட்டேன். வண்டி முதல் விசிலிலேயே கிளம்பியது. வரிசையில் எங்களுக்கு ஐந்தாம் இடம். எங்களுக்குப் பின்னால் ஒரு பேக்கரிக்காரர். அவர் வண்டியில் எப்போதும் பன் வாசனை அடிக்கும். மனிதரும் பன் மாதிரியே இருப்பார். அக்கா நாலாம் கியர் போட்டதே அன்றைக்குத்தான். "நாலுடி! நாலு போட்டுட்டேன்டி!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஜன்னலைத் திறந்து இரண்டு பேரும் ஊளையிடாத குறை. கழுதை வயசில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது.

அப்போது ஒரு நாய் சாலையோரத்தில் நின்றது. நிற்கத்தான் செய்தது. குறுக்கே வரவில்லை. எனக்கென்ன தெரியும்? கால் என்னைக் கேட்கவில்லை. இரண்டாம் பிரேக்கை வண்டியின் அடித்தட்டே போய்விடும்படி மிதித்துவிட்டேன்.

பின்னால் பத்து வண்டி கிறீச் கிறீச்சென்று ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. பேக்கரிக்காரர் வரப்பில் ஏறிப்போய் ஒரு வேலியை முத்தமிடுகிற தூரத்தில் நின்றார். எல்லோருக்கும் கொடுக்கக் கொண்டுவந்த ஐம்பது பன்னும் அவர் தலைவழியே முன் கண்ணாடிக்கு வந்துவிட்டன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாய் பன் தின்றது. தலைவர் நடந்து வந்தார்.

"யாரு மிதிச்சது?"

"நான்தான்" என்றேன்.

நோட்டில் எழுதினார்: இரண்டு, போச்சு.

வீட்டுக்கு வந்தும் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்து ஆறியிருப்பேன். "பரவால்லடி, பயந்துட்டே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டாள். என்னால்தான் முதலாவது போயிற்று, என்னால்தான் இரண்டாவதும் போயிற்று. அந்த மாதம் இரண்டு சட்டைக்குக் கை மாற்றித் தைத்தேன்.

"அந்த பிரேக்கைக் கழட்டிடலாமா?" என்று அக்கா கேட்டாள். "ரெண்டு போல்ட்தான்."

"கழட்டினா நான் ஏறமாட்டேன்."

"வச்சிருந்தா மிதிக்கிறியே?"

"மிதிக்கமாட்டேன். காலைக் கட்டிக்கறேன்."

சொன்னதைச் செய்தேன். மூன்றாம் ஓட்டத்தன்று என் இஞ்சு டேப்பால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டேன். பேக்கரிக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்னம்மா, உங்க அக்கா கடத்திட்டுப் போறாங்களா?" என்றார். "உங்க பன்னைக் காப்பாத்தத்தான்" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவர் வண்டியும் குலுங்கியது.

அன்றைக்கு நீர்த்தேக்கத்துக் குன்றுக்கு. ஏறும்போது அக்கா வண்டியை ஓட்டினாள் என்பதைவிட, கைபிடித்துக் கூட்டிப்போனாள் என்று சொல்லவேண்டும். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டு. எந்த நரம்பில் எவ்வளவு ஆழம் குத்தவேண்டும் என்று தெரிந்த கை அது. முன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே மூன்று வண்டி நீள இடைவெளி, கயிறு கட்டியது மாதிரி. நான், "இடது வளைவு", "வலது வளைவு", "ஆடு, ஆனா தூரத்துல" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தேன். மேலே போய் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம், அரை நிமிஷம். மீதி அரை மணியும் ஒருவர் பானட்டுக்குள் ஒருவர் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தேதி ஒட்டிய ஆயில் குழாய்களைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "இது என்னுதுக்கும் எடுத்துக் குடுங்களேன்" என்று ஒருத்தர் கேட்டார். சிரிஞ்சைக் காட்டி மனிதர்கள் அக்காவிடம் 'எனக்கும்' என்று கேட்டது அன்றைக்குத்தான்.

இறங்கும்போது பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அக்காவுக்குத் தும்மல் வந்தது. அவள் தும்மினால் ஒன்றோடு நிற்காது, மூன்று. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் தும்முவாள். முதல் தும்மல். வண்டி சரிவில் வேகம் பிடித்தது. இரண்டாவது. முன் வண்டியின் பின் விளக்கு கிட்டே வந்துகொண்டே இருந்தது. மிதித்தால் வரிசை கலையும். மிதிக்காவிட்டால் இடிக்கும். கட்டிய இரண்டு காலையும் சேர்த்தே தூக்கி பிரேக் மேல் வைத்தேன். வைத்து, மிதிக்கவில்லை. காலரில் மூலை திருப்பும்போது தையல் மிஷின் மோட்டார் பெடலை எப்படி ஒரு நூல் அளவுக்கு அழுத்துவேனோ, அப்படி அழுத்தினேன். முப்பது வருஷமாக என் கால் செய்கிற வேலை. வண்டி குலுங்கக்கூட இல்லை. மூன்றாம் தும்மல் முடிந்து அக்கா கண்ணைத் திறந்தபோது இடைவெளி மூன்று வண்டி, அப்படியே.

நான் காலை எடுத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் பேக்கரிக்காரர் விசில் அடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். யாருக்கும் தெரியாது.

திடலுக்கு வந்து சேர்ந்தோம். கடைசி வண்டியும் அணைந்தது. தலைவர் வந்தார். எங்கள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சைலன்சர் குழாய்க்குள் குனிந்து பார்த்தார், முன்ஜாக்கிரதை.

"வரிசை கலையல. சுத்தம்" என்றார். நோட்டைப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். எனக்குக் கட்டிய காலோடு குதிக்கவேண்டும்போல இருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அக்கா.

அவள் குரலைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடப்போகிறது. அவள் முதுகில் கிள்ளினேன், நன்றாகவே கிள்ளினேன்.

"அந்த வளைவுல நான் பிரேக் போடல. தும்மிட்டு இருந்தேன். என் தங்கச்சிதான் போட்டா."

தலைவர் பேனாவை நிறுத்தினார்.

"நாங்க யாரும் பார்க்கலையேம்மா."

"எனக்குத் தெரியுமே சார். இன்னொருத்தர் ரத்தத்துக்கு என் பேரை எப்படி ஒட்டறது?"

தலைவர் பேனாவை மூடினார். "ஓட்டறவங்கதான் ஓட்டணும். சட்டம் அது" என்றார். அவருக்கே பிடிக்காத குரலில்தான் சொன்னார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார்.

பதிமூன்று பேரும் அவரவர் வண்டியைப் பார்த்து நடந்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பேக்கரிக்காரர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவரும் போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

"கிளம்பறாங்கடி" என்றாள் அக்கா.

அவள் இறங்கிப் பின் சீட்டிலிருந்து ட்ரேயை எடுத்தாள். சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். கூடத்தில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு எப்படி அடுக்குவாளோ அதே நிதானம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உண்மை சொன்னவளை இப்படி முதுகைக் காட்டிவிட்டுப் போவதா? போய் அந்தத் தலைவரை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன். கால் கட்டியிருப்பது மறந்துபோய்த் தொபுக்கடீரென்று புழுதியில் விழுந்தேன்.

அப்போது ஒரு ஹார்ன் அடித்தது.

எனக்காக அடித்தது என்று நினைத்து இன்னும் கோபம் வந்தது. அடுத்து ஒன்று, எருமை மாதிரி. பிறகு ஒன்று, கீச்சுக் குரலில். பேக்கரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஓட்டும்மா, ஓட்டு! சந்தேகம் வந்தா எங்க கழகத்துல ஹார்ன்லதான் ஓட்டு! உங்களைச் சேர்த்துக்கலாம்னு நினைக்கறவங்க அடிக்கணும்! எட்டு வந்தா போதும்!"

சொல்லிவிட்டு அவர் தன் ஹார்னை அமுக்கினார். அது வேலை செய்யவில்லை. குத்தினார். அசையவில்லை. கீழே குதித்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, "பாம்! பாம்! பாம்!" என்று தொண்டை கிழிய அடித்தார். நான் புழுதியில் உட்கார்ந்தபடியே எண்ணினேன். ஐந்து. ஆறு. இரண்டு சேர்ந்து வந்தன, எட்டு! அதோடு நிற்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. தெருக்கோடி வீடுகளில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று. காது ரெண்டும் போய்விட்டது எனக்கு.

தலைவரின் வண்டி மட்டும் சத்தமில்லாமல் நின்றது. எல்லோரும் கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அவருடைய ஹார்ன் அடித்தது. லிஃப்ட் வந்து நின்றதும் அடிக்கும் மணிபோல, 'டிங்' என்று ஒரே ஒரு தடவை. அவ்வளவு பெரிய மனுஷருக்கு அப்படி ஒரு குட்டி ஹார்ன். திடலே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரும் மறுபடி அமுக்கினார்கள், இந்த முறை எடுப்பதாகவே இல்லை.

அக்கா ட்ரேயைப் பிடித்தபடி நின்றாள். குழாய்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. இருபத்தாறு வருஷமாக ஆடாத கை.

"எனக்காகவாடி?" என்றாள். சத்தத்தில் காது கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உனக்காகத்தான்க்கா! எல்லாம் உனக்காகத்தான்!" என்று நான் கத்தினேன்.

அவள் மறுபடியும் அதையே கேட்டாள். நான் மறுபடியும் அதையே கத்தினேன்.